ராமுவின் இடது காது

செத்துப்போன ஒரு நாயின் பெயரைச் சொல்லி ஆறு ஆண்டுகள் பணம் வாங்கினேன். வாங்கியவன் நான்தான், வேறு யார்மீதும் பழி இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் தகரக் கொட்டகை போட்டு நாங்கள் சிலர் நடத்திவந்த நாய்கள் காப்பகத்துக்கு நான் பொருளாளர். எண்பதுகளின் நடுவில் கூடுவாஞ்சேரி ஸ்டெல்லா டீச்சர், லாரியில் அடிபட்ட ராமுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதன் இடது காது பாதி போயிருந்தது. அன்றிலிருந்து மாதம் ஐம்பது ரூபாய் மணியார்டர். செய்தி எழுதும் அடித்துண்டில் ஒரே சொல்: 'ராமுவுக்கு.' அவருக்குத் திரும்பிப் போகும் ரசீதின் பின்னால் நான் எழுதுவேன்: 'ராமு நலம்.'

ராமு இறந்த வாரம், அரிசிக் கடைக்காரர் இனிக் கடன் இல்லை என்றுவிட்டார். நாற்பது நாய்கள்... உண்மையை எழுதினால் இந்த ஐம்பதும் நின்றுபோகுமே! 'ராமு நலம்' என்றே எழுதினேன். கை நடுங்கியது என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

கஞ்சி காய்ச்சும் முனியம்மா ஒருநாள் கேட்டேவிட்டாள். "இன்னா சார், செத்த நாயி நல்லா கீதுன்னு எழுதிகினு கீற? அந்தம்மா வந்தா இன்னா பண்ணுவ?"

வந்தார். கண்ணில் புரை விழுந்திருந்தது. அதை நம்பி, அதே செம்பழுப்பில் வேறொரு நாயைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நானா அப்படிச் செய்தேன்? நானேதான்.

டீச்சர் குனிந்து தடவிக்கொடுத்தார். முதுகு, கழுத்து, இடது காது... விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன.

"காது எப்ப சார் வளந்துது?"

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதமும் மணியார்டர் வந்தது! அதே ஐம்பது. அடித்துண்டில் மட்டும் ஒரு எழுத்தும் இல்லை.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். ரசீதின் பின்னால் எழுதினேன்: 'ராமு இறந்து ஆறு ஆண்டுகளாகின்றன. பொய் சொன்னவன் நான். பணம் மற்ற நாய்களின் சோற்றுக்கே போயிற்று.' அந்தக் கடைசி வரியை எதற்குச் சேர்த்தேன்? தப்பித்துக்கொள்ளத்தானே...

பதில் வரவில்லை. பணம் வந்துகொண்டிருக்கிறது. திருப்பி அனுப்ப வேண்டாமா என்பீர்கள். மாட்டேன். என் வெட்கத்துக்காக நாற்பது வயிறுகளைக் காயப்போட எனக்கு உரிமை இல்லை. வாங்குவேன், எது இருக்கிறது, எது போயிற்று என்று மாதந்தோறும் ஒவ்வொரு நாயின் பெயராக எழுதி அனுப்புவேன்.

தபால்காரர் வந்தால் பணத்தை எண்ணுவதற்கு முன்பு அடித்துண்டைத்தான் பார்க்கிறேன். இந்த மாதமும் காலி.