ஓடுதளத்தில் இறக்கிய பாடை

யுத்தம் முடிந்த கையோடு, தூத்துக்குடிக்கு வெளியே உப்பளங்களைத் தாண்டி இருந்த விமானத் திடலில் எனக்கு வேலை கிடைத்தது. விமானம் இறங்கும்போது ஓடுதளத்தில் ஆடு, மாடு, மனிதர் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகாயத்தில் போகிறவர்களின் உயிருக்கு அரசாங்கமே பொறுப்பு என்று மேலதிகாரி வந்து அரைமணி நேரம் பேசிவிட்டுப் போனார். வேலி போடச் சொல்லி எழுதினால் மட்டும் பதில் வராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திடலை மட்டம் பண்ணும்போது நடுவில் கிடந்த ஒரு கல்லைப் பெயர்த்து எறிந்திருந்தார்கள். அது பக்கத்து ஊர்க்காரர்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் பாடையை இறக்கி வைக்கும் இடம். பெண்கள் அதுவரைதான் வருவார்கள். அங்கே கடைசியாக முகம் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கல்லை எடுத்தால் வழக்கமும் போய்விடும் என்று எங்கள் ஆபீசில் நம்பினார்கள்.

மேகத்துக்குள் போகிற விமானம் வயர்லெஸ் சத்தத்தை மட்டும் வைத்துத் திடலைக் கண்டுபிடிக்க முடியுமா என்று அப்போது அரசாங்கம் சோதித்துக்கொண்டிருந்தது. ஐப்பசி மாதம், ஒரு காலையில், சோதனை விமானம் வழி தப்பி ரொம்ப நேரம் சுற்றிவிட்டு ஒருவழியாகத் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. அதே நேரம் கொட்டுச் சத்தத்தோடு ஒரு பாடையும் வந்து, கல் இருந்த இடத்தில் இறங்கியது.

ஓடினேன். காய்ச்சலில் செத்த வாலிபன். அவனுடைய அம்மா தலைமாட்டில் அப்போதுதான் உட்கார்ந்தாள். எடுக்கச் சொன்னேன். முன்னால் நின்ற பெரியவர் அசையவில்லை.

"பெத்தவ மொகம் பாக்காம எப்படிய்யா தூக்குவோம்? சித்த பொறுக்கச் சொல்லும்."

அதற்குள் வயர்லெஸ்காரர், நாசரேத்துப் பக்கத்து ஆள், மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, பெட்ரோல் தீரப்போகுதாம்! பைலட்டு இனிமே சுத்த முடியாதுங்கான்."

அந்த அம்மா நிமிர்ந்து மேகத்தைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள ஆளு இருக்காவளா?"

"மூணு பேரு இருக்காங்க, தாயி," என்றேன்.

மகனின் கன்னத்தை ஒருதரம் தொட்டாள். துணியை இழுத்து அவளே முகத்தை மூடினாள்.

"தூக்குங்கய்யா."

ஆண்கள் பாடையோடு சுடுகாட்டுப் பக்கம் ஓடினார்கள். நாங்கள் பெண்களைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடினோம். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் விமானம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு இறங்கி நின்றது. மூன்று பேரும் குதித்து இறங்கி, சோதனை ஜெயித்துவிட்டதாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் நியாயமில்லாததுதான். ஆனாலும் வந்தது.

அந்த அம்மா அழவில்லை. ஓடுதளத்துக்கு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே பாடை மறுபடி தரையில் இருந்தது. தூக்கிக்கொண்டு போயிருக்கலாம், போகாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நான் அங்கன போகக் கூடாதுய்யா," என்றாள்.

"என்கூட வாங்க," என்றேன்.

விமானத்தைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் நடந்தோம். கல் இருந்த இடத்தைத் தாண்டினோம். வழக்கத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று, சண்டை போடத் தயாராகவே போனேன். கூட்டம் விலகி வழிவிட்டது. அந்தப் பெரியவரே குனிந்து முகத்துத் துணியை விலக்கினார்.