யாகோ காயைக் குளிப்பாட்டியவள்

அலுவோச் எனக்குச் சக்களத்தி. அவள் மூத்தவள், நான் இளையவள். ஏரிக்கரையில் ஒரே வேலிக்குள் இருபத்தாறு வருடம் குடியிருந்தோம். அதில் பாதி நாள் சண்டை. அதனால் அவளைப் பற்றி நான் நல்லதாக ஏதாவது சொன்னால் தாராளமாக நம்பலாம்.

அவள் வாசலில் ஒரு யாகோ மரம் நின்றது. சுரைக்காய் அளவுக்கு நீண்ட காய்கள், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி காம்பில் ஆடும். பச்சையாகத் தின்றால் விஷம். அவள் அதை அரிந்து காயவைத்து இடித்துப் புண்ணுக்குப் போடுவாள். பட்டையை வேகவைத்து வயிற்றுக்கடுப்புக்குக் கொடுப்பாள். கைராசிக்காரி. எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டபோது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் மருந்தை என் வாசலில் வைத்துவிட்டு, என் கோழியை ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் போனாள்.

அந்தக் காய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏரி விழுங்கியவனின் உடல் கிடைக்கவில்லையென்றால், அவனுக்குப் பதிலாக ஒரு யாகோ காயைக் குளிப்பாட்டித் துணி சுற்றி அடக்கம் செய்வோம். எத்தனையோ வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டே அவள் மரத்தடிக்கு வந்திருக்கிறார்கள். யாருக்கும் அவள் இல்லையென்று சொன்னதில்லை.

அவளுக்குத் தலைச்சனும் இரண்டாவதும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதைச் சாவு கண்டுகொள்ளாமல் இருக்க, 'தூக்கி எறிந்தது' என்று பொருள்படும்படி ஒவிட்டி என்று பெயர் வைத்தாள். அவன் வளர்ந்தான். இருபத்துமூன்று வயதில், கல்யாணத்துக்கு முன்னால், மூன்று பேரோடு வலை போடப் போனான். காற்று படகைக் கவிழ்த்தது. மூன்று உடல்கள் கரை ஒதுங்கின. ஒவிட்டி வரவில்லை.

காயைப் பறிக்க அலுவோச் விடவில்லை. அடக்கம் ஆகாதவன் எங்கள் கணக்கில் உயிரோடு இருப்பவன். மூத்தவன் உயிரோடு, கல்யாணமாகாமல் இருக்கும்போது இளையவன் பெண் கொண்டுவந்தால் குடும்பத்தையே சாபம் அரிக்கும். அடுத்தவன் என் மகன் ஒக்வேனோ. அவனுக்குப் பேசி முடித்த பெண் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்றாவது வருடமும் போனது. பெண் வீட்டார் வேறு இடம் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மரத்தடிக்குப் போய்க் கத்தினேன்.

"ஊர்ல உள்ளவன் புள்ளைக்கெல்லாம் காய வாரி வாரிக் குடுத்தியே! உன் புள்ளைக்கு மட்டும் கஞ்சத்தனமா?"

அவள் பட்டை சீவுவதை நிறுத்தவில்லை. "அடியே, பொதைச்சிட்டா அப்புறம் அவன் வந்தா எங்க போவான்? செத்தவன்னு வேலிக்கு வெளியவே நிறுத்திடுவீங்க. பெத்தவ நானே கதவச் சாத்தணுமா?"

"மூணு வருசமா வராதவன் இனிமேதான் வரப்போறானா?"

"அக்கரையில எந்த ஊர்ல ஒதுங்கினானோ, உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "நீ வாழவும் மாட்ட, அடுத்தவள வாழவும் விடமாட்ட" என்று சொல்லிவிட்டு வந்தேன். பாவி நான்.

மறுநாள் காலையில் அவளே என் வாசலுக்கு வந்தாள். "உன் மவன் என்ன பாவம் பண்ணான்? குழி வெட்டச் சொல்லு" என்றாள்.

காயைக் குளிப்பாட்ட நானும் உட்கார்ந்தேன். ஏழெட்டு மாதக் குழந்தையின் கனம் இருந்தது. அதன்மேல் எண்ணெய் தடவி, ஒவிட்டியின் நீலச் சட்டையைச் சுற்றினாள். சுற்றும்போது குனிந்து அதனிடம் மெல்லச் சொன்னாள்: "நீ வெறும் காய்தான். இது இவங்களுக்காக. நீ கோவிச்சுக்காத."

அடக்கத்தில் எல்லோரும் அழுதார்கள், அவள் மட்டும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் புதைத்தது வெறும் காயைத்தான், மகனை இல்லை என்பது எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

ஒக்வேனோவுக்குக் கல்யாணம் ஆனது. அடுத்த வருடம் எனக்குப் பேரன் பிறந்தான். பிரசவத்துக்கு அலுவோச்தான் கைகொடுத்தாள். பிறந்ததிலிருந்து குழந்தை ஒரே அழுகை. மார்பைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது பெயருக்கான அழுகை. செத்தவர்களில் யாரோ ஒருவர் திரும்பி வந்திருக்கிறார், அவர் பெயரைச் சொன்னால் அழுகை நிற்கும். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அழைத்தார்கள். என் மாமனார் பெயர், போன வருடம் போய்ச்சேர்ந்த எங்கள் புருஷன் பெயர், சித்தப்பன் பெயர். குழந்தைக்குத் தொண்டை கம்மிப்போனதே தவிர அழுகை நிற்கவில்லை.

களைத்துப்போய் யோசிக்காமல் நான்தான் சொன்னேன்: "ஒவிட்டி."

குழந்தை கப்பென்று மார்பைப் பிடித்துக்கொண்டது.

பெண்கள் குலவையிட்டார்கள். "வந்துட்டான், வந்துட்டான்!" என்று கைதட்டினார்கள். எனக்கும் சந்தோஷம்தான், ஒரு நிமிஷம். பிறகு திரும்பி அலுவோச்சைப் பார்த்தேன். கையில் வெந்நீர்ப் பானையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, உசுரோட இருக்கறவன் பேருக்குக் குழந்தை அடங்காதே?" என்று என்னைக் கேட்டாள்.

நான் பானையை வாங்கக் கை நீட்டினேன்.

"அடங்காதுல்ல?" என்றாள் மறுபடியும்.

பானையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஐயோ, என் மவனே!" என்று அலறினாள். நாலு வருடமாக அடக்கி வைத்த அழுகை அது. குலவை நின்றுபோயிற்று. அன்றைக்குத்தான் அவள் பிள்ளை செத்தான், என் வாயால். போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளிவிடவில்லை.