கோயாங் என்று கேட்ட வார்த்தை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஆறாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீடு. சுமத்ராவிலிருந்து மலாக்கா ஆற்றுக்கு வரும் படகுகளில் கரிமூட்டை இறக்குவது என் வேலை. கடலுக்கு எதிர்க்கரையில், அந்தச் சுமத்ராவில் கடை வைத்திருந்த தமிழருக்குத்தான் என் தங்கையைக் கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்குக் கரிப்படகிலேயே அழைத்து வருவதாக ஏற்பாடு. பிள்ளை பிறக்குமுன் தொட்டில் கட்டக்கூடாது என்று, அம்மா உத்திரத்தில் தொட்டில் தொங்கும் ஸ்பிரிங்கை மட்டும் மாட்டிவைத்தார்.

ஒருநாள் கரிக்கொட்டகை ரேடியோவில் எதிர்க்கரை நாட்டுத் தலைவர் முழங்கினார். இரைச்சலில் எங்களை வேலை வாங்கும் மண்டோருக்கு 'கோயாங்' என்று கேட்டது. மலாயில் ஆட்டுவது.

"மலேசியாவ ஆட்டப் போறானாம்லா. வரட்டும் தம்பி, ஒங்க வீட்டுத் தொட்டில ஆட்டிட்டுப் போவட்டும்."

எல்லோரும் சிரித்தோம். கூட வேலை செய்த மலாக்காச் செட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தலைமுறைகளாக மலாயே வீட்டுப்பேச்சாகி, தமிழ் வராத அவர் மலாயில் சொன்னார்: "கோயாங் இல்லை, கன்யாங். பச்சையாக மென்று தின்பது."

அடுத்த வாரம் இரண்டு கரைக்கும் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள், படகு வரவில்லை. பிறகும் வரவில்லை.

இரண்டு அண்டை நாடுகளுக்குள் தகராறு என்று பெரிய தேசத்துப் பெரிய மனிதர்கள் வருத்தப்பட்டார்கள். வெட்கம் வேண்டாமா? எங்கள் பாட்டன் பிறக்குமுன்பே, இந்தக் கரை எனக்கு, அந்தக் கரை உனக்கு என்று ஆங்கிலேயனும் ஒல்லாந்துக்காரனும் கடலில் கோடு போட்டார்கள். மூட்டை கட்டிப் போனபோது போட்ட கோட்டை மட்டும் விட்டுப்போனார்கள். பிறகு ஒரு வல்லரசு அந்தக் கரைக்குப் போர்க்கப்பல் விற்றது. இன்னொன்று இந்தக் கரைக்குப் பட்டாளம் அனுப்பியது. மூட்டை தூக்குகிறவனுக்குப் புரிகிற இந்த விஷயம், அவ்வளவு படித்தவர்களுக்குப் புரியவில்லையாம்.

தங்கைக்கு அங்கேயே, தெரியாத கைகளில் பிரசவம் ஆனது. ஆண் பிள்ளை என்ற செய்தி வரவே வெகுகாலம் பிடித்தது. அம்மா ஸ்பிரிங்கைக் கழற்றவில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள் இரு கரைப் பெரிய மனிதர்களும் கைகுலுக்கினார்கள். படகு வந்தது. தங்கையின் கையைப் பிடித்தபடி அம்மாவின் பேரன் நடந்தே இறங்கினான். அன்றைக்கே அம்மா சேலையைக் கட்டி அவனைத் தொட்டிலில் போட்டார். கால் தரையில் இடித்தது. பையன் என் அம்மாவின் முகத்தைப் பார்த்து, யாரோ என்று அலறினான்.

படகுத்துறையிலிருந்து எங்களோடு வீட்டுக்கு வந்திருந்த மண்டோர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆட்டுங்கண்ணே," என்றாள் தங்கை அவரிடம்.

அவர் ஆட்டினார்.

தைப்பூசத்துக்கு மறுநாள், 1968.