அறுபது பச்சைச் சேலையும் ஒரு ஷட்டரும்

சிங்காநல்லூரில் எனக்கு ஒரு லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு வேண்டிய உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கிறோம். ஒரு மயிரிழை பிசகினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். இத்தனை வருடம் பிசகாமல் ஓட்டியதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் சேர்ந்துவிட்டது. எந்த மெஷினாக இருந்தாலும் நாலு திருகைத் திருகினால் நம் சொல்பேச்சைக் கேட்கும் என்று நினைப்பு. ஐம்பத்து மூன்று வயதில் கேமரா வாங்கியபோதும் அதே நினைப்போடுதான் பெட்டியைப் பிரித்தேன்.

முதலில் துளையைப் படித்தேன். லென்ஸுக்குள் இருக்கும் துளையை அகலத் திறந்துவிட்டால் ஃபோகஸ் வைத்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் கரைந்துபோகும். இதைச் சோதித்துப் பார்க்க அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த மனைவியை ஒரு முழம் தள்ளி நின்று எடுத்தேன். பெருமையாகக் காட்டினேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, மூக்கு மட்டும் என்றதாட்ட இருக்குது. மிச்ச மூஞ்சியெல்லாம் யாருதுங்க?"

கலை தெரியாதவளிடம் என்ன பேசுவது என்று வெளியே வந்துவிட்டேன். உள்ளே தோசை தீயும் வாசனை வந்தது. அதற்கும் நான்தான் காரணம் என்று சொன்னாள்.

அடுத்தது ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு போகிற வருகிற பஸ்களை எடுத்துப் பழகினேன். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வைத்தால், ஓடுகிற பஸ் நடுரோட்டில் பிரேக்டவுன் ஆனது மாதிரி நின்றது. முப்பதில் ஒரு பங்குக்குக் குறைத்தால் பஸ்ஸே காணோம், நிறம் நிறமாக ஓர் இழுவல் மட்டும்தான். ஆனால் அதே முப்பதில் வைத்துக்கொண்டு, பஸ் போகும் வேகத்துக்கே கேமராவையும் கூடவே திருப்பினால் பஸ் தெளிவாக நிற்கும், பின்னாலிருக்கும் டீக்கடை, பேக்கரி எல்லாம் கோடு கோடாக ஓடும். இதற்குப் பேனிங் என்று பெயர். இடுப்பிலிருந்து திரும்ப வேண்டும், மூச்சை அடக்க வேண்டும், பட்டனை அமுக்கிய பிறகும் திரும்புவதை நிறுத்தக்கூடாது. நான் இப்படித் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு ஒரு கண்டக்டர் விசிலடித்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

"தாராபுரமுங்களா? வெரசா ஏறுங்க!"

"இல்லீங்க, சும்மா போட்டோ எடுத்துட்டு இருக்கறேன்."

அவர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள்.

நான் பஸ்ஸோடு மல்லுக்கட்டிய அதே மாதங்களில் என் மனைவி வள்ளிக்கும்மி கற்றுக்கொண்டிருந்தாள். இப்போது எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் வள்ளிக்கும்மிக் குழு இருக்கிறது. ஆசிரியர் வந்து வள்ளி கதையைப் பாட்டாகப் பாடி, அடவு சொல்லிக்கொடுப்பார். ஐ.டி. கம்பெனிக்குப் போகும் பெண்ணும், பேரன் எடுத்தவரும் ஒரே வரிசையில் நின்று சலங்கை கட்டி ஆடுவார்கள். ஒன்றிரண்டு மாதப் பயிற்சி முடிந்ததும் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். என் மனைவிக்கு நாற்பத்தொன்பது வயது. வலது முட்டியில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி, மாடிப்படியையே ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவள். அவள் போய்ச் சேர்ந்தது எனக்கே ஆச்சரியம்.

தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த அவள் தங்கைக்கோ அது வேடிக்கையாகிவிட்டது. போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏக்கா, அந்த முட்டிய வெச்சுட்டு நீ கும்மியா? ஓரமா நின்னு கை தட்டிப்போட்டு வந்துருவே, பாரு!"

மனைவி சிரித்துத்தான் போனை வைத்தாள். ஆனால் அன்று முழுக்க அந்தப் பேச்சு அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. தங்கை வீட்டில் அரங்கேற்றத்தன்றே ஒரு சீர் விசேஷம் வைத்திருந்தார்கள், அவளால் வர முடியாது. பொழுது சாய்ந்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, எனக்கு ஒரே ஒரு போட்டா வேணும். நான் ஆடுறதும் தெரியோணும், என்ற மூஞ்சியும் தெரியோணும். நின்னுட்டு இருக்கறாப்பல இருந்தா அவ நம்பமாட்டா. வீடியோல பாத்தா அல்லாரும் எறும்பாட்டத்தான் தெரியறோம்."

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட பொருள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கும்மி ஆடுகிறவளைப் பேனிங்கில் பிடித்தால் அவள் முகம் தெளிவாக நிற்கும், சுற்றிலும் இருப்பவர்கள் காற்றாகச் சுழல்வார்கள். அவள் கேட்டது இரண்டும் ஒரே படத்தில் வந்துவிடும். ஓடுகிற பஸ்ஸையே பிடித்தவனுக்கு ஒரு பொம்பளையைப் பிடிப்பதா பெரிய காரியம்? "அதெல்லாம் என்கிட்ட உட்டுப்போடு அம்மணி" என்று சொன்னேன்.

அரங்கேற்றம் மாலை ஐந்து மணிக்கு. மைதானத்தில் அறுபது பெண்கள். அறுபது பேருக்கும் ஒரே கிளிப்பச்சைச் சேலை, அரக்குக் கரை, ஒரே மாதிரிக் கொண்டை, ஒரே அளவு மல்லிகை. நான் அசரவில்லை. இரண்டாம் வரிசை, இடமிருந்து மூன்றாவது ஆள் என்று காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். யாருக்கோ காய்ச்சல் வந்து, ஆசிரியர் உயரம் பார்த்து வரிசைகளைக் கலைத்து அடுக்கியிருந்தார்.

பாட்டு தொடங்கியது. வெயில் தாழத் தாழ ஷட்டரை முப்பதுக்கும், அப்புறம் பதினைந்துக்கும் இறக்கினேன். மூன்றாவது ஆளைக் குறி வைத்து, இடுப்பிலிருந்து திரும்பி, மூச்சை அடக்கி, அமுக்கினேன். வட்டமாகச் சுற்றும்போதும் அந்தப் பச்சைச் சேலையை விடவில்லை. கேமராவின் சின்னத் திரையில் பார்த்தேன். வெள்ளெழுத்துக் கண்ணாடி காரிலேயே கிடந்தது. ஆனாலும் ஒரு முகம் அசையாமல் நிற்பதும், சுற்றிலும் பச்சை வெள்ளமாக ஓடுவதும் தெரிந்தது. சந்தோஷத்தில் நாற்பது படத்துக்கு மேல் எடுத்துத் தள்ளினேன்.

வீட்டுக்கு வந்ததும் சலங்கையைக்கூடக் கழற்றாமல் அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். கம்ப்யூட்டரில் முதல் படத்தைத் திறந்தேன். அற்புதமான பேனிங். புருவம் தெரிந்தது, மூக்குத்தியின் கல் தெரிந்தது, கும்மியடிக்கும் விரல்கள் மட்டும் லேசாக விசிறின. சுற்றிலும் மற்றவர்கள் கரைந்து ஓடினார்கள். நடுவில் சிரித்துக்கொண்டிருந்தது எங்கள் எதிர்வீட்டு அக்கா.

இரண்டாவது படத்திலும் எதிர்வீட்டு அக்காதான். பத்தாவதிலும் அவரேதான். நான் மேலும் மேலும் வேகமாகத் தட்டினேன், ஏதோ அதனால் ஆள் மாறிவிடும் என்பதுபோல. நாற்பது படத்திலும் அவர் ஒருவரே, விதவிதமாக, துல்லியமாக, மயிரிழை பிசகாமல்.

"பாவம், அக்காளுக்கு நல்லா அமைஞ்சுபோச்சு" என்றாள் மனைவி. குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். "சரி உடுங்க. நான் எங்கயாச்சும் இருக்கறேனான்னு பாருங்க."

இரண்டு பேரும் ஒவ்வொரு படமாக ஓரங்களைப் பெரிதாக்கித் தேடினோம். கரைந்துபோன முகங்களில் யாரை என்று சொல்வது? பதினேழாவது படத்தில் இடது ஓரத்தைக் காட்டி அவள் சட்டென்று நிமிர்ந்தாள். அங்கே ஒரு பச்சை இழுவல், அதன் மேல் கறுப்பாகக் கொண்டை, வீசிய கை ஒன்று. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகமே இல்லை.

"இது நான்தானுங்க."

"எப்புடிச் சொல்றே?"

"எனக்குத் தெரியாதுங்களா?"

இங்கேதான் என் பட்டறைப் புத்தி வேலை செய்தது. பேசாமல் இருந்திருக்கலாம். "அம்மணி, அறுபது பேரும் ஒரே சீலை. இதுல யாருன்னு ஆதாரம் ஏதும் இல்ல. யாரா வேணும்னாலும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது தப்பில்லை, சொல்லக் கூடாத நேரம். அவள் அந்தப் படத்தை அப்படியே, ஓரத்தை வெட்டாமல், ஒரு வார்த்தைகூட எழுதாமல் தங்கைக்கு அனுப்பிவிட்டுச் சலங்கையை அவிழ்க்க உட்கார்ந்தாள். முட்டி வீங்கியிருந்தது. நான் ஐஸ்கட்டி எடுத்து வந்து ஒத்தடம் கொடுத்தேன், அதைத் தவிர செய்வதற்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஒத்தடம் முடிவதற்குள் போன் அடித்தது. மறுபடியும் ஸ்பீக்கர்.

"ஏக்கா! அந்த ஓரத்துல தலையச் சாய்ச்சுட்டுச் சுத்தறது நீதான? ஆடிப்போட்டியே அக்கா!"

தங்கையின் குரல் உடைந்திருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். போனில் தலையாட்டினால் கேட்குமா? சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது களத்தில் தட்டாமாலை சுற்றினால் அக்காள் மட்டும் இப்படித்தான் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொள்வாள், அதனால் முதலில் விழுவதும் அவள்தான் என்று தங்கை மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் இருப்பது யார் என்று அவள் கேட்கவே இல்லை. அத்தனை தெளிவாக நான் எடுத்துவைத்திருந்த எதிர்வீட்டு அக்கா அவள் கண்ணில் படவே இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டேன்.

"ஏங் கண்ணு, மூஞ்சியே தெரியலையே. அறுவது பேர்ல யாரோ ஒருத்தியா இருந்தா?"

"உங்களுக்கு அறுவது பேருங்க மாமா" என்றாள் அவள். "எனக்கு ஒரே அக்காதானுங்களே."

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. அக்காளும் தங்கையும் முட்டி, சீர், சாப்பாடு என்று ஊர்க்கதைக்குப் போய்விட்டார்கள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்தப் பச்சை இழுவலைப் பெரிதாக்கினேன். கறுப்புக் கொண்டை இடப்பக்கம் சாய்ந்துதான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். போனைக் கையில் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவளின் தலையும் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இருபத்தாறு வருடத்தில் அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன்.