ஆரத்தி ரத்தம்

அந்தக் காலத்து இத்தாலியப் பேய்ப்படங்களில் ரத்தம், ரத்தம் மாதிரியே இருக்காது. கதவுக்கு அடிக்க வாங்கிய பெயின்ட் மாதிரி பளீரென்று இருக்கும். காரணமே இல்லாமல் அறைக்குள் சிவப்பு விளக்கும் நீல விளக்கும் எரியும். திடீரென்று ஒரு கண் மட்டும் திரை முழுக்க வந்து நிற்கும். படம் எடுக்கும்போது வசனத்தைப் பதிவு செய்யாமல், பிறகு பேசி ஒட்டுவார்கள். உதடு ஒன்று சொல்லும், நம் காதில் வேறொன்று விழும். எனக்கு இதெல்லாம் பைத்தியம். அந்தப் படங்களுக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று எங்கள் ஊரான கிள்ளானில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பேய்ப்படம் எடுத்தேன்.

வீடு என் அக்காவுடையது. சாகப்போகும் பெண்ணாக நடித்ததும் அக்காதான். வரவேண்டிய பெண் அன்று காலையில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை பார்க்கிற அக்காவுக்கும் நடிப்புக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"பேச வேண்டாம்ல?" என்று கேட்டாள்.

"வேண்டாம்க்கா. எல்லாம் அப்புறம் டப்பிங் லா."

அடுப்பில் இருந்த குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றாள்.

கடையில் வாங்கிய போலி ரத்தம் கேமராவில் மிளகாய்ச் சம்பால் போலத் தெரிந்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது வழி சொன்னதும் அவள்தான். "மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டா செவக்குமேடா. ஆரத்தி கரைச்சா போதாதா?" வாளியில் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பு ஒரு சிட்டிகை போட்டாள். கண்ணுக்கு நன்றாகச் சிவந்தது. கேமராவுக்குப் போதவில்லை.

அவள் சேலை மாற்றப் போன நேரத்தில், பூக்கடையில் வெற்றிலைக்கு விற்கிற சுண்ணாம்பு டப்பாக்கள் பத்து வாங்கி வந்து அத்தனையும் கொட்டிக் கலக்கினேன். கல்யாண வாசலில் சுற்றுகிற தண்ணீர்தானே, ஆளை என்ன செய்துவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டேன். சுண்ணாம்பு கூடினால் வெற்றிலை போடுகிறவன் வாய் வெந்துபோகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்பதும் தெரியும்.

ஜன்னல்களைக் கறுப்புக் குப்பைப் பையால் மறைத்து, பகல் பதினோரு மணியை இருட்டாக்கியிருந்தோம். மாடிப்படியில் நின்று ஒருவன் வாளியைக் கவிழ்த்தான். அவள் முகத்தில் சிவப்பு வழிந்தது. நான் பல வருடமாகக் கனவு கண்ட அதே சிவப்பு. இடது கண் திரை முழுக்க நின்றது. பிறகு அந்தக் கண் இறுக மூடிக்கொண்டது. கேமரா பின்வாங்கியது. முகம் முழுவதும் அதன் பக்கம் திரும்பியது.

"தம்பி," என்றாள். "தம்பி, எரியுதுடா." இரண்டாவது 'தம்பி' சொன்னதுமே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கேமரா பிடித்த நண்பன், "நிறுத்துவோமா?" என்றான். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அக்கா சுவரைத் தடவிக்கொண்டு தானாகவே குளியலறையைத் தேடிப் போனாள். கதவில் இடித்துக்கொண்டாள். அதையும் எடுத்தோம். படத்தில் அது மிக நன்றாக வந்திருக்கிறது.

உடனே தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் கண்ணில் தழும்பு விழுந்திருக்காது என்றார் டாக்டர். வெளியே வந்ததும், கட்டுப் போட்ட கண்ணோடு அக்கா கேட்டாள். "சுண்ணாம்பு கூடப் போட்டியாடா?"

"இல்லக்கா. நீ போட்டதுதான்."

அவள் சரி என்பதுபோல் தலையை ஆட்டினாள். இன்றுவரை வெயிலில் இறங்கினால் அந்தக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள்.

டப்பிங், தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு சேலைக்கடைக்கு மேல் இருந்த சின்ன அறையில் நடந்தது. அந்தக் காட்சிக்கு என்ன வசனம் வைப்பது? உதடு தெளிவாக 'தம்பி' என்கிறது. கொலைகாரனைத் தம்பி என்று கூப்பிட முடியாது. யோசித்து, 'நம்பி, நம்பி வந்தேனே' என்று எழுதினேன். தம்பியும் நம்பியும் உதட்டுக்கு ஒன்றுதான். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அக்கா தாளைப் படித்தாள். திரையில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு மூன்று முறை சொன்னாள். "நல்லாப் பொருந்துது லா," என்றாள்.

முதல் திரையிடலும் பிரிக்பீல்ட்ஸில்தான். அந்தக் காட்சிக்குக் கைதட்டினார்கள். படம் முடிந்து கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "அந்த ரத்தக் கலர் எப்படி பாஸ் கிடைச்சது? அந்த அக்காவை எப்படி நடிக்க வெச்சீங்க?" என்று கேட்டார். நான் மைக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினேன். மூன்றாவது வரிசையிலிருந்து அக்கா எழுந்தாள்.

"ஆரத்திதான். நான்தான் கரைச்சேன். அளவு தெரியாம சுண்ணாம்ப அள்ளிப் போட்டுட்டேன், கண்ணு எரிஞ்சிருச்சு. அது நடிப்பே இல்ல!"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

கிள்ளானுக்குத் திரும்பும்போது கார் நான் ஓட்டினேன். பாதி வழியில் அக்கா, ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"சிங்குக்குக் கீழ பத்து காலி டப்பா கெடந்துச்சுடா. மாமா பாக்குறதுக்குள்ள அன்னைக்கே எடுத்து வீசிட்டேன்."

மாமா என்றது தன் கணவரை. கண்ணில் கட்டோடு, வீட்டைக் கூட்டி, என் டப்பாக்களை அள்ளி வீசியிருக்கிறாள். அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் நான் எழுதிக் கொடுத்ததை மூன்று முறை பேசியிருக்கிறாள்.

மன்னிச்சிரு என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

"என்னடா சொன்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.