மஞ்சளாக வந்த படம்

நாத்தனார் பிரசவம் முடிந்து எங்கள் வீட்டில் இருந்தாள். குழந்தையைப் படம் பிடிக்க, எடுத்த உடனேயே படம் வெளியே வரும் கேமரா ஒன்றைக் கொழுந்தன் கும்பகோணத்திலிருந்து வாங்கி வந்தார். புதுப்பொருள் எதுவானாலும் சாமியிடம் வைத்து எடுப்பது என் வழக்கம். பிலிம் பாக்கெட் ஒன்றைக் காலையிலிருந்து காமாட்சி விளக்கை ஒட்டியே வைத்திருந்தேன்.

மத்தியானம் எடுத்த படத்தில் குழந்தை, துணி, சுவர் எல்லாமே மஞ்சள்.

"பிலிமுக்குச் சூடு ஆகாது அண்ணி. நீங்க அதுக்குத் தீபாராதனையே காட்டிட்டீங்க" என்று கொழுந்தன் சிரித்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. விளக்கருகே வைக்காத வேறு பாக்கெட்டைப் போட்டு மறுபடி எடுத்தார். இப்போது துணியும் சுவரும் வெள்ளையாக வந்தன. குழந்தை மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

"இதுவும் சூடுபட்ட பிலிமா இருக்கும்" என்றாள் நாத்தனார்.

"அப்படின்னா துணியும்ல மஞ்சளா வரணும்" என்றார் கொழுந்தன். அவர் சிரிக்கவில்லை.

பச்சைக் குழந்தைக்குக் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தோம். திறந்து பார்த்தால், கண்ணின் வெள்ளைகூட மஞ்சளாக இருந்தது. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "காமாலை அதிகமா இருக்கு. இன்னிக்கே வந்தது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். முருகன் அருளால் பிள்ளை பிழைத்தான்.

இப்போதெல்லாம் பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனால் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். அதைப் பொறுத்துக்கொண்டு, குழந்தையின் கண்ணை வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் கிளம்புகிறேன்.