அக்காவின் ஒடுங்கின படி

திருவிடைமருதூரில் மளிகைக்கடை வைத்த நாளிலிருந்து என் தராசைச் சந்தேகப்பட்ட ஆள் ஒருத்திதான். அவள் என் கூடப்பிறந்த அக்கா ஆரோக்கியம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் அரிசியைக் கிலோவில் நிறுத்துப் போடுவேன். அவள் கூடையிலிருந்து தன் பித்தளைப் படியை எடுத்து, நாலு பேர் பார்க்க அத்தனையையும் திரும்ப அளப்பாள்.

"கிலோ உன் தராசுக்குத் தெரியும்டா. என் கைக்குப் படிதான் தெரியும்."

அதுவும் லட்சணமான படியா? வயிற்றில் பெரிய ஒடுக்கு. கல்யாணமான வருஷமே கிணற்றடியில் விழுந்தது. வெல்லத்தை மட்டும் எடையில் வாங்குவாள். கட்டி வெல்லத்தைப் படியில் எப்படி அளப்பது? படி மாவுக்கு முக்கால் கிலோ வெல்லம். அதிரசத்துக்கு அதுதான் அவள் கணக்கு.

மச்சான் மரியஅந்தோணி தொண்ணூற்றிரண்டில் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனவர், ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து அங்கேயே கிடந்தார். இங்கே அக்கா அதிரசம் சுட்டுக் கடைகளுக்குப் போட்டாள். தொண்ணூற்றெட்டில் எங்கள் தெருப் பையன் சகாயராஜ் லீவில் வந்தான். சிங்கப்பூரில் பலகாரக் கடை வைத்திருக்கிறான்.

"மாதிரிக்குப் பத்துப் படி மாவுல சுட்டுக் குடுங்கக்கா. அங்க பிடிச்சுப்போச்சுன்னா மாசாமாசம் எடுத்துக்கறேன்."

அவன் போனதும் அக்கா என்னிடம் சொன்னாள். "இந்த வியாபாரம் மட்டும் நிலைச்சுதுன்னா உன் மச்சானைக் கிளம்பி வாங்கன்னுடுவேன்டா."

நான் சும்மா இருந்திருக்கலாம். அஞ்சாம் கிளாஸ் படித்த மூளை சும்மா இருக்குமா? நாடே கதவைத் திறந்துவிட்டிருக்கிறது, ஒடுங்கின படியை வைத்துக்கொண்டா ஏற்றுமதி செய்வது? படியைத் தாராசுரம் தங்கையன் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒடுக்கெடுத்து, புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்து நீட்டினேன்.

"கல்யாணப் பொண்ணாட்டம் இருக்குடா!" அக்காவுக்கே சந்தோஷம்.

மறுநாள் ஆள் விட்டாள். ஓடினேன். எப்போதும் ஒரு படி, இரண்டு படிதான் கிளறுவாள். அன்றைக்குப் பத்துப் படி மாவையும் மொத்தமாகப் பாகில் கொட்டியிருந்தாள். துடுப்பு கொடிமரம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. ஒன்று சுட்டுப் பார்த்தோம். எண்ணெயிலேயே வெடித்தது.

"வெல்லத்துல எத்தனை அடிச்ச?"

எனக்குக் கண் சிவந்துவிட்டது. கடைத் தராசையே தூக்கிக்கொண்டு வந்து நடுவீட்டில் வைத்தேன். "மாவை அள. நான் நிறுக்கறேன். உன் படி கள்ளனா, என் தராசு கள்ளனான்னு பாத்துடுவோம்."

இடித்து வைத்ததில் மிஞ்சியிருந்த மாவில் ஒரு படி அளந்து தூக்கினாள். தூக்கினவள் அப்படியே நின்றாள். அவளுடைய கட்டைவிரல் பித்தளையில் எதையோ தேடியது. ஒடுக்கில்தான் அது எப்போதும் உட்காரும்.

"பாவி! படிக்கு ஒரு கை மாவு கூடப் போயிருக்குடா."

பத்துப் படிக்குப் பத்துக் கை. ஒடுக்கெடுத்தவன் நான்தான். ஆனாலும் வாய் அடங்கவில்லை. "விடுக்கா. இனிமே மாவையும் நிறுத்தே போட்டுடுவோம். பழைய படிக்கு எத்தனை கிராம், சொல்லு."

"மாவை யாருடா நிறுத்துப் பாத்தா? அரிசிக் கணக்கு மாவுக்கு ஆகாதே."

யாரும் பார்க்கவில்லை. அவள் என் சரக்கை அத்தனை தடவை அளந்தாள். தராசைக் கட்டிக்கொண்டு அழுகிற நான் அவள் படியை ஒரு நாள்கூடத் தட்டில் வைத்துப் பார்க்கவில்லை.

"அப்போ, படிக்கு ஒரு கை குறைச்சுக்க."

"யார் கை? உன் கையா, என் கையா?"

படியைக் கவிழ்த்துத் தட்டி என் மடியில் போட்டாள்.

"ஞாயித்துக்கிழமை சகாயராஜ் பிளேன் ஏறுறான். தங்கையன்கிட்ட போ. எடுத்த ஒடுக்கை எடுத்த இடத்துலயே திரும்ப வெச்சு வாங்கிட்டு வா."